திரட்டிச் சீர் பற்றிய ஆய்வு: எதை ஆதாரமாக எடுப்பது?

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயம்புத்தூரில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம் ஒரு தோட்டம். இந்தக் காலத்து வாழ்வியல் சடங்குகள்தான் ஆய்வுப் பொருள். அதிலும் திரட்டிச் சீர், அதாவது பெண் வயசுக்கு வந்ததும் செய்கிற சடங்கு, எப்படி வீட்டு வாசலை விட்டு மண்டபத்துக்குப் போச்சு என்பதைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

இதை எடுத்ததற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கு. அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) பச்சை ஓலைக் குடிசை, தனித் தட்டு, தனிச் சொம்பு, பதினாறு நாள். அம்மாவுக்குத் திண்ணையில் மறைப்புக் கட்டி ஒன்பது நாள். எனக்கு 2009-ல் மண்டபம், ஆயிரம் பேருக்குச் சாப்பாடு, மேடையில் மூன்று மணி நேரம், நாலு தடவை சேலை மாற்றினார்கள். மூன்று பேரும் செய்துகொண்டது ஒரே சீர் என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது மாறியது, எது மாறவில்லை என்று சொல்லத்தான் ஆதாரம் வேண்டும்.

போன வாரம் நெறியாளரிடம் முதல் இயலைக் கொடுத்தேன். பதினோரு இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் "இது யார் சொன்னது? எப்போது பார்த்தது?" என்று எழுதித் திரும்பி வந்துவிட்டது. உதாரணத்துக்கு ஒன்று: "பண்டைக்காலம் தொட்டே கொங்கு மக்கள் பூப்பெய்திய பெண்ணைப் பதினாறு நாள் தனிக்குடிசையில் அமர்த்துவர்." இந்த வரி நாலு கட்டுரையில் இருக்கிறது. கால்புள்ளிகூட மாறாமல் அப்படியே இருக்கிறது. நாலு பேர் சொல்கிறார்களே, போதும் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொரு பக்கம் இங்கிலீஷ் புத்தகங்கள். எதைத் திறந்தாலும் பிரிதல், இடைநிலை, சேர்தல் என்று மூன்று கட்டம். எங்கள் ஊர்ச் சீரை அந்த மூன்று பெட்டிக்குள் போட்டுக் காட்டினால் ஆய்வு முடிந்துவிடுமா? நடுவில் ஒரு ஆய்விதழ்க்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பி, பணம் கட்டினால் மூன்றே நாளில் கட்டுரை போடுகிறோம் என்கிறார்கள்.

வீட்டில் பீரோவுக்குள் என் திரட்டி அழைப்பிதழ், மொய் நோட்டு, டிவிடி எல்லாம் இருக்கு. இதெல்லாம் ஆய்வுக்கு ஆகுமா, இல்லை வெறும் குடும்பச் சாமான்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வாய்க்கால்மேடு:

அம்மிணி, நான் ஈரோட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் 31 வருசம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் நெறியாளர் பதினோரு இடத்தில் கேட்டிருப்பது நல்ல கேள்வி. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் அந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள்.

நாலு கட்டுரையில் ஒரே வரி இருந்தால் அது நாலு சாட்சி இல்லை, ஒரே சாட்சி. அவர் யாரென்றும் தெரியாது. அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். கிடைத்ததை ஆண்டு வாரியாக அடுக்கி, எல்லாவற்றிலும் பழையதை மட்டும் எடுத்துப் படியுங்கள். எழுதியவர் ஏதாவது ஒரு ஊரில் போய் உட்கார்ந்து கேட்டாரா, ஊர்ப் பெயர் போட்டிருக்கிறாரா, தகவல் சொன்னவர் வயசு, சாதி, எந்த வருசத்துப் பேச்சு என்று ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அப்படியே உங்கள் அமுச்சியின் பதினாறு நாளும். அது அவங்க வாயால் நீங்கள் கேட்டதா, அம்மா சொல்லிக் கேட்டதா?

தேடும் சொல்லைப் பற்றி ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் "சடங்கு" என்று மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்புவார்கள். நம் பக்கம் பேச்சு "சீர்" அல்லவா? திரட்டிச் சீர், இணைச்சீர், எழுதிங்கள் சீர். புத்தகக்காரர்கள் வாழ்வியல் சடங்கு, வாழ்க்கை வட்டச் சடங்கு, பூப்பு நீராட்டு என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் மாற்று என்று பிடிபடும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்காவில் பாரதியார், பெரியார் பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிடைக்கும். தமிழ் ஆய்வேட்டின் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடித்திருப்பார்கள். அதனால் நாலைந்து எழுத்துக்கூட்டலில் முயற்சி பண்ணுங்கள். ஆய்வேடு கிடைத்ததும் முதல் இயலைப் படிக்காதீர்கள், கடைசிக்குப் போங்கள். தகவலாளர் பட்டியல் இருந்தால் அந்த ஆய்வேடு உங்களுக்கு உதவும்.

இனிக் காலம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓலப்பாளையத்தில் 1964-லிருந்து 1966 வரை தங்கி ஆய்வு செய்தவர் பிரெண்டா பெக். கனடாக்காரர். வலங்கை, இடங்கை என்று முன்பு இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதிகளை எதிரெதிரே வைத்து எழுதிய அவர் புத்தகம் 1972-ல் வந்தது. அதில் "செய்கிறார்கள்" என்று நிகழ்காலத்தில் இருப்பதெல்லாம் அறுபது வருசத்துக்கு முந்திய நடப்பு. அதைப் பார்த்து எழுதுகிறவர்கள் 2020-லும் "கொங்கு மக்கள் செய்கிறார்கள்" என்றே எழுதிவிடுகிறார்கள். நீங்கள் அடிக்குறிப்பில் புத்தகம் வந்த வருசத்தோடு களத்தில் இருந்த வருசத்தையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் வயசை வைத்துக் கணக்குப் போட்டால், உங்கள் அமுச்சி திரண்ட காலமும் அவர் அங்கே இருந்த காலமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். எவ்வளவு பெரிய வாய்ப்பு! புத்தகத்தை ஒரு கையிலும் அமுச்சி பேச்சை மறு கையிலும் வைத்து ஒப்பிடலாம்.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்தில் சில கிராமங்களைத் தேர்ந்தெடுத்துத் தனித்தனியாக ஆய்வறிக்கை போட்டார்கள். பிறப்பு, பூப்பு, கல்யாணம், சாவு என்று வழக்கங்களையும் எழுதியிருப்பார்கள். யாரும் தொடுவதில்லை. பழைய கல்லூரி நூலகங்களில் அரசு வெளியீட்டு அலமாரியின் அடித்தட்டில் தூசியோடு கிடக்கும், கேட்டு வாங்குங்கள்.

தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றித் தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதி இணைய ஆவணக் களஞ்சியத்தில் (archive.org) இலவசமாகக் கிடைக்கிறது. அது வந்தது 1909. அந்த மூன்று கட்டத்தைச் சொன்ன வான் ஜென்னெப்பின் பிரெஞ்சுப் புத்தகமும் அதே 1909. இங்கிலீஷில் வந்தது 1960-ல்தான். ஆக, தர்ஸ்டன் மூன்று கட்டம் பார்த்து எழுதவில்லை. அவர் சொன்னதை மூன்று கட்டமாகப் பிரித்துக் காட்டுவது பின்னால் வந்தவர்கள் வேலை. வான் ஜென்னெப்பும் அந்தப் புத்தகத்துக்காகக் களத்துக்குப் போனவர் இல்லை. பல நாட்டைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்து ஒப்பிட்டவர். அதனால் அவர் சட்டகத்தை ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். விடையாக வைத்துவிட்டால் உங்கள் ஊர் காணாமல் போய்விடும்.

எழுதிங்களையே பாருங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் செய்கிற சீர். அதை முடித்த பெண்தான் அடுத்தவர் வீட்டுச் சீரில் முன்னே நின்று செய்யலாம். இதில் அவள் எங்கிருந்து பிரிந்தாள், எங்கே சேர்ந்தாள்? யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று கோடு போடுவதுதான் அங்கே பெரிசாகத் தெரிகிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ 1982-ல் இதைத்தான் எழுதினார்: முன்னும் பின்னும் என்ற பிரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தச் சடங்கு யாருக்கு நடக்கும், யாருக்கு என்றைக்குமே நடக்காது என்ற பிரிவு கண்ணில் படாது என்று. பெண்களுக்கான சடங்குகளுக்கு அந்த மூன்று கட்டம் சரியாகப் பொருந்தவில்லை என்று புரூஸ் லிங்கன் 1981-லேயே ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். அந்த இடைநிலைக் கட்டத்தை விரித்து எழுதிய விக்டர் டர்னரைப் படிக்கும்போது இந்த இருவரையும் சேர்த்தே படியுங்கள்.

பணம் கேட்கிற ஆய்விதழை விட்டுவிடுங்கள். யுஜிசி கேர் பட்டியலில் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல்) இருக்கிறதா என்று முன்பெல்லாம் பார்ப்போம். 2019-ல் வந்த அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இனி நாமேதான் பார்க்க வேண்டும். அந்த இதழின் பழைய மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். ஒரே இதழில் பூச்சிக்கொல்லியும் புறநானூறும் வங்கிக் கடனும் இருந்து, மூன்று நாளில் வெளியீடு என்றால், அங்கே யாரும் படித்துப் பார்த்துப் போடவில்லை என்று அர்த்தம்.

பழைய கேசட்:

வணக்கமுங்க. நான் கோபி பக்கம் 1993-லிருந்து கல்யாணம், சீர், காதுகுத்துன்னு வீடியோ எடுத்துட்டு இருக்கறனுங்க. ஐயா அளவுக்குப் புத்தகம் படிச்சவன் இல்லை. ஆனா நீங்க பீரோவுல இருக்குன்னு சொன்ன டிவிடி பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

உங்க கையில இருக்கறது வெட்டி ஒட்டுனதுங்க. மூணு மணி நேரம் எடுத்தா ஒன்றரை மணி நேரந்தான் வீட்டுக்குத் தருவோம். மாமன் வீட்டுக்காரங்களுக்கும் அப்பா வீட்டுக்காரங்களுக்கும் பந்தலுக்குள்ள ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும், அதை எடுத்துருவோம். பொண்ணு அழுதிருக்கும், அதையும் எடுத்துருவோம். சாஸ்திரத்துல சித்த நேரம் குழப்பம் வந்து, பெரியம்மா ஒண்ணு சொல்ல அமுச்சி ஒண்ணு சொல்ல நிப்பாங்க பாருங்க, உங்களுக்கு வேண்டியது அதுதான். அதையும் வெட்டிருவோம். எடுத்தவர்கிட்ட மூலக் கேசட் இருக்குமான்னு கேளுங்க. விஎச்எஸ் கேசட்டா இருந்தா வெள்ளையாப் பூஞ்சை புடிச்சிருக்கும், அப்படியே பிளேயர்ல போட்றாதீங்க, டேப்பு சிக்கிப் போயிரும். முதல்ல துடைக்கத் தெரிஞ்சவர்கிட்டக் கொடுங்க.

அப்புறம் குடிசை. 90-கள்ல மாமன் தோட்டத்துல இருந்து பச்சை ஓலை வெட்டி வந்து, நாலு கம்பு நட்டுக் கட்டுவாரு. கை கிழிஞ்சு ரத்தம் வரும், எடுத்திருக்கறேன். இப்ப டெக்கரேசன்காரங்களே தெர்மாகோல்ல குடிசை கொண்டாந்து மேடையில வெச்சிடறாங்க. நான் மாமனைக் கூப்பிட்டு ஒரு ஓலையைக் கையில கொடுத்து, "அண்ணா, கட்டற மாதிரி நில்லுங்க"ம்பேன். நாப்பது செகண்டு. வீடியோவுல பார்த்தா மாமன் குடிசை கட்டறாரு. முப்பது வருசங் கழிச்சு ஒரு ஆராய்ச்சிக்காரர் அதைப் பார்த்து "2024-லும் மாமன்தான் குடிசை கட்டுனாரு"ன்னு எழுதுனா அதுக்கு நான்தான் பொறுப்பு. அதனால வீடியோவை மட்டும் பார்க்காதீங்க, எடுத்தவனையும் கேளுங்க.

அழைப்பிதழ்ல இருக்கற தேதியையும் அப்படியே எடுத்துக்காதீங்க. பொண்ணு வயசுக்கு வந்தது ஒரு நாள், விழா வேற நாள். மே மாச லீவு, மண்டபம், மாமன் கையில காசு எல்லாம் கூடி வரணும். அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒண்ணா வெச்சதும் உண்டு. ஒரு பொண்ணுக்கு நாலு வருசங் கழிச்சு எடுத்திருக்கறேன், பிளஸ் ஒன் படிச்சுட்டு இருந்துச்சு. விழாத் தேதியை வெச்சு எத்தனை வயசுல திரண்டாங்கன்னு கணக்குப் போட்டா தப்பாப் போயிரும்.

கடைசியா ஒண்ணு. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு பொண்ணு கடைக்கு வந்துச்சு. கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. "அண்ணா, என் சீர் வீடியோ உங்க யூடியூப்புல இருக்குதுங்க, எடுத்துருங்க"ன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சு நின்னுது. போடறதுக்கு அவங்கப்பாகிட்டத்தான் கேட்டிருந்தேன். அந்தப் பொண்ணுகிட்டக் கேக்கணும்னு அப்ப எனக்குத் தோணவே இல்லை. அன்னைக்கே எல்லாச் சீர் வீடியோவையும் எடுத்துட்டேன். உங்க ஆராய்ச்சிக்கு என்கிட்ட இருக்கற கேசட்டுகளைக் காட்டறேன். ஆனா அந்தந்தப் பொண்ணு, இப்ப பெரியவங்களா இருப்பாங்க, அவங்க வாயால சரின்னு சொன்னா மட்டுந்தான்.

ராசிபுரத்தான்:

நான் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) சுத்துப்பட்டுக் கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடியவர். நாங்கள் நாவிதர் குடும்பம். ஆத்தா பிரசவம் பார்த்தவங்க. எங்கள் ஊரில் ஐம்பது வயசுக்கு மேல் இருக்கிறவர்களில் பாதிப் பேரை முதலில் கையில் வாங்கியது ஆத்தாதான்.

சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பில் "கொங்கு" என்று போடுகிறீர்கள். நான் படித்த அளவில், கொங்குச் சீர் என்று எழுதுகிறவர்கள் ஒரே சாதியின் சீரைத்தான் எழுதுகிறார்கள். எழுதட்டும், ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுதட்டும். எங்கள் வீட்டிலும் திரட்டி உண்டு. அருந்ததியர் தெருவிலும் உண்டு. அதை யாரும் வந்து கேட்டதில்லை.

மொய் நோட்டு நல்ல ஆதாரம்தான். யார் வந்தார்கள், எந்த ஊர், எந்த உறவு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பணம் வைத்தவர்கள் பெயர்தான் இருக்கும். அன்றைக்குப் பாடியவர், மாத்துத் துணி கொடுத்த ஏகாலி (துணி வெளுப்பவர்) வீட்டு அம்மா, பறை அடித்தவர்கள், இலை எடுத்தவர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டு போனவர்கள். சீர் எப்படி நடந்தது என்று வரிசையாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஒரு வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் இரண்டு மூன்று சீர். எங்கள் அப்பாருவுக்கு வருசத்துக்கு நாற்பது முகூர்த்தம்.

மங்கல வாழ்த்தை அச்சுப் புத்தகத்தில் பார்க்கிறீர்கள். கம்பர் பாடியது என்பது வழக்கு. வழக்கு என்றே எழுதுங்கள், வரலாறு என்று எழுத வேண்டாம். அப்பாரு பாடும்போது ஐயர் நேரமாச்சு என்று கை காட்டினால் நடுவில் சில அடிகளை விட்டு முடித்துவிடுவார். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் இழுத்துப் பாடுவார். விட்ட அடி எது, விடாத அடி எது என்று அவருக்குத் தெரியும், புத்தகத்துக்குத் தெரியாது. அவர் போய்ப் பதினாலு வருசம் ஆயிற்று. நான் ஒரு அடிகூடப் பதிவு செய்து வைக்கவில்லை. படித்தவன் நான், என் கையில் அப்போதே போன் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆத்தா இருக்காங்க. 86 வயசு. காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. வருவதாக இருந்தால் சொல்லுங்க. ஆனால் வந்ததும் நோட்டை எடுக்காதீங்க. முதல் நாள் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

நொய்யல்கரை:

ஐயா, அண்ணா, சார், மூன்று பேருக்கும் கோடி நன்றிங்க. படித்துவிட்டு அன்றைக்கே பொழுதோட பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டேன். நாலு நாள் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

ஐயா கேட்டது சரி. பதினாறு நாள் என்பது அமுச்சி வாயால் நான் கேட்டதே இல்லை. அம்மா சொன்னதும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கட்டுரைகளைப் படித்த பிறகுதான் நான் அப்படிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். வாசலில் உட்கார்ந்து கேட்டேன். "பதனாறுன்னு யாரு சொன்னா? ஏழு நாளு. சோள அறுப்பு வந்திருச்சு, ஆள் பத்தல. அப்பச்சி வந்து, போதும் குடிசையைப் பிரிங்கன்னுட்டாரு. அடுத்த நாளு நானும் காட்டுக்குப் போயிட்டேன்" என்றாங்க. எந்த வருசம் என்றால் தெரியவில்லை. தன் தம்பி பிறந்த அடுத்த தைக்கு முன்னால் என்றாங்க. அவர் பிறந்த வருசம் சான்றிதழில் இருக்கு, 1963. ஐயா போட்ட கணக்குப் பக்கத்தில்தான் வருது.

குடிசையைப் பிரித்து என்ன செய்தார்கள் என்று கேட்டேன். எரித்ததாகச் சொன்னாங்க. யார் எரித்தது என்றதும் சும்மா இருந்தாங்க. அப்புறம் ஏகாலி வீட்டு அம்மா பெயரைச் சொன்னாங்க. இத்தனை வருசத்தில் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. அவங்க மகள் ஊதியூர் பக்கம் இருக்காங்களாம்.

என் மொய் நோட்டைப் புரட்டினேன். 612 பேர். சார் சொன்ன யாரும் அதில் இல்லை. என் அழைப்பிதழில் தேதி மே மாசம். நான் வயசுக்கு வந்தது அதற்கு முந்திய ஆகஸ்டு, காலாண்டுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால். எனக்கே மறந்திருந்தது.

முதல் இயலைத் திரும்ப எழுதுகிறேன். தலைப்பில் கொங்கு என்பதை எடுத்துவிட்டு, எத்தனை ஊர், எந்தெந்த வீடு என்று போடப் போகிறேன். அண்ணா, கேசட் பார்க்க வரும்போது உங்களிடம் வீடியோ எடுத்துக்கொண்ட பெண்களில் யாரை முதலில் கேட்கலாம் என்று நீங்களே சொல்லுங்க. சார், வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆத்தாவைப் பார்க்க வரலாமுங்களா? நோட்டு எடுத்து வரமாட்டேன். காலையில் ஈரோடு வந்து அங்கிருந்து பஸ் பிடித்தால் பத்து மணிக்குள் வந்துவிடுவேன். ஆத்தாவுக்கு எது பிடிக்கும், வெத்தலையா, பழமா, அதை மட்டும் சொல்லுங்க.